நான்கு வீடு தள்ளி ஒரு பதிவுத் தபால்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்றபோது நான் யார் மேலெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. தேர்வு அறையில் சுவர்க் கடிகாரத்தை நாற்காலி போட்டு ஏறித் திருத்தி வைத்த கண்காணிப்பாளர். எனக்குப் பழைய கேள்வித்தாளின் மங்கிய ஜெராக்ஸையும் மற்றவர்களுக்கு நல்ல ஜெராக்ஸையும் கொடுத்த கோச்சிங் சென்டர்க்காரர். என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்து, எனக்குக் கிடைக்காத இடத்தை வாங்கிக்கொண்டு போன தோழி. அவள் ஏதோ ஒரு நோட்டை என் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தாள் என்று சத்தியம் பண்ணவும் தயாராக இருந்தேன். என் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சந்தேகப்படுவது கெட்ட குணம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகிற வழியில், புது ஆற்றுத் தண்ணீரை நம்பி இருக்கிற ஊர். முறை வைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். மடையை யார் எப்போது திறந்தார்கள், யார் மூடினார்கள் என்று பார்க்காதவர்களின் பயிர் காயும். அப்படிப் பார்த்தே வளர்ந்த பெண் நான். கடைக்காரர் தராசைப் பார்க்காமல் ஒரு நாளும் சர்க்கரை வாங்கியதில்லை.

அப்பா மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நான் முதல் வகுப்பு முடித்த வருஷம், தைப் பொங்கல் கழிந்து போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வந்து, கொண்டுவந்த சென்ட் பாட்டில் தீர்வதற்குள் திரும்பிவிடுவார். ஊரில் இருந்த நிலம் பதினெட்டு மா, அதாவது ஆறு ஏக்கர். அதில் பாதி அப்பாவுடையது, பாதி பெரியப்பாவுடையது. யாருக்கு எந்தப் பக்கம் என்று வாய்ப்பேச்சு உண்டு, ஆனால் பாகம் பிரிக்கவில்லை. பட்டா இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது. பஸ் ஏறும்போது அப்பா, "பாத்துக்கங்கண்ணே" என்று சொன்னாராம். பெரியப்பா சரி என்றாராம். அவ்வளவுதான் ஒப்பந்தம். அன்றிலிருந்து மொத்த நிலத்தையும் பெரியப்பாதான் பயிர் பண்ணினார். அறுவடை முடிந்ததும் எங்கள் பங்கு நெல் வீட்டுக்கு வந்துவிடும்.

என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அத்தனை பேரும் கம்ப்யூட்டர் என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. "ஊரே கம்ப்யூட்டர்னு போவுது, இது மட்டும் கோர்ட்டுன்னு நிக்குது பாரு" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நான் கேட்டது ஊரில் இருக்கிற கோர்ட்டும் இல்லை. வெளி மாநிலத்தில் ஐந்து வருஷம் தங்கிப் படிக்கிற பெரிய சட்டக் கல்லூரி. அதற்குச் சென்னையில் நுழைவுத் தேர்வு. என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும். பெரியப்பா வந்தார்.

அந்த முதல் தேர்வு நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தேர்வு நடந்த பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில், என் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்ததும் எழுந்து வந்தார்.

"கஷ்டமா இருந்துச்சா பாப்பா? எதப் பத்திக் கேட்டான்?"

"எல்லாந்தான் பெரியப்பா. அண்ணன் தம்பி நிலம் பத்திக்கூட ஒண்ணு வந்துச்சு. தம்பி வெளியூர் போயிட்டான். அவன் நிலத்த அண்ணன் பன்னெண்டு வருஷத்துக்கு மேல வெச்சு ஆண்டுட்டான். இப்ப நிலம் யாருக்குன்னு கேட்டிருந்தாங்க."

"நீ என்ன எழுதுன?"

"தம்பிக்குத்தான்னு எழுதினேன்."

"அதானே! பின்ன அண்ணன் எடுத்துக்குவானா?" என்று சொல்லிவிட்டு, எனக்கு இளநீர் வெட்டச் சொல்லப் போனார்.

முடிவு வந்தது. எனக்கு இடம் இல்லை. அப்பா போனில் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ எழுதிக்க. ஒரே தடவதான். அதுலயும் இல்லேன்னா பேசாம தஞ்சாவூர்ல பி.காம். சேர்ந்துடணும்." சரி என்றேன். எனக்கு ஊரை விட்டுப் போக வேறு வழியும் தெரியவில்லை.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜவுளிக் கடை மாடியில் எங்கள் கோச்சிங் சென்டர். டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் படிக்கிற கூட்டத்துக்கு நடுவில் சட்டத்துக்கு எட்டுப் பேர். சொல்லிக்கொடுக்க ஓர் இளம் வக்கீல் காலையில் வருவார். மணி பத்தடித்தால் கறுப்புக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடுவார். இரண்டாம் வருஷத்தின் முதல் வாரத்திலேயே என் மாதிரித் தேர்வுத் தாள்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிலீஷ் நல்லாருக்கு. கணக்கு பரவால்ல. சட்டப் பகுதியிலதான் கொட்டிட்டு வர்ற. ஏன்னு தெரியுதா?"

"தெரியல சார்."

"நீ கேள்விய நம்ப மாட்டேங்குறம்மா."

அந்தத் தேர்வில் சட்டப் பகுதி இப்படித்தான் இருக்கும். மேலே ஒரு விதி. கீழே ஒரு சம்பவம். அந்த விதியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒருவர் தன் மாட்டை விற்பதாக வாயால் ஒப்புக்கொண்டார் என்று கேள்வியில் இருந்தால், முன்பணம் வாங்காமல் எவன் ஒப்புக்கொள்வான், பக்கத்தில் சாட்சி யார் இருந்தது என்று என் மனசு போகும். ஒருவர் நல்லெண்ணத்தில் பக்கத்து வயலில் நுழைந்தார் என்றிருந்தால், நல்லெண்ணமாவது ஒன்றாவது, வரப்பைச் செதுக்கத்தான் போயிருப்பான் என்று தீர்ப்பு எழுதிவிடுவேன்.

"விதி தப்பாவே இருக்கட்டும்மா," என்றார் சார். "பரீட்சை முடியற வரைக்கும் அதுதான் உனக்கு உலகம். வெளியிலேர்ந்து சாட்சிய இழுத்துட்டு வராத. போன வருஷம் வந்த இந்த அண்ணன் தம்பிக் கேள்வியவே பாரு. பன்னெண்டு வருஷம் தடையில்லாம ஆண்டா நிலம் அனுபவிச்சவனுக்குன்னு விதியில தெளிவா இருக்கு. நீ தம்பிக்குங்குற."

"அநியாயமா இருந்துச்சு சார்."

"அநியாயமோ நியாயமோ, மார்க்கு போச்சுல்ல?"

நான் தாளை மடித்துக்கொண்டே கேட்டேன். "சார், அது பரீட்சைக்காகச் சொன்ன விதிதானே? நெசத்துல அப்படி இல்லல்ல?"

"யார் சொன்னா? நெசமாவே சட்டம் அதான். பன்னெண்டு வருஷம்" என்றார். மணியைப் பார்த்தார். கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். அப்பா போய்ப் பதினோரு வருஷம் முடிந்திருந்தது. வருகிற தை வந்தால் பன்னிரண்டு.

அதற்குப் பிறகு பெரியப்பா செய்த எதுவும் எனக்குச் சும்மா செய்ததாகத் தெரியவில்லை. எங்கள் பங்கு வரப்பில் அவர் வரிசையாகத் தென்னங்கன்று வைத்தார். தென்னை வைக்கிறவர் விட்டுக்கொடுக்கிற எண்ணத்திலா வைப்பார்? வாரத்துக்கு ஒரு தரம் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனார். எதற்கு? இருப்பிடச் சான்று வாங்க நானும் அதே அலுவலகத்துக்குப் போனபோது மேஜையில் அடங்கல் விரித்துக் கிடந்தது. எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார்கள் என்று எழுதுகிற நோட்டு அது. தலைகீழாகவே படித்தேன். பதினெட்டு மாவுக்கும் நேராகப் பெரியப்பா பெயர்தான் இருந்தது. பயிர் வைத்தவர் பெயரைத்தான் அதில் எழுதுவார்கள் என்பது தெரிந்தும், இன்னொரு தரம் எட்டிப் படித்தேன்.

சென்னையில் அவர் கேட்ட கேள்வியையும் தோண்டி எடுத்தேன். "நீ என்ன எழுதுன?" ஏன் அத்தனை அக்கறையாகக் கேட்டார்? மற்ற எழுபது எண்பது கேள்விகளில் ஒன்றைப் பற்றியாவது கேட்டாரா? சட்டம் இவளுக்குத் தெரிந்துவிட்டதா என்று ஆழம் பார்த்திருக்கிறார். சே, இளநீரை வேறு வாங்கிக் குடித்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்: "அப்பா இந்த வருஷம் வர்றாராமா?"

"லீவு இல்லையாம் பெரியப்பா."

"அப்படியா. சரி, வர்றப்ப பாத்துக்கலாம்."

எதைப் பார்த்துக்கொள்வது? உள்ளே போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா முதலில் கரண்டியை ஓங்கினாள். "போடி பைத்தியம். உங்க பெரியப்பா இல்லேன்னா நாம என்னிக்கோ நெல்ல விலைக்கு வாங்கித் தின்னிருப்போம்." நான் விடவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்தப் பன்னிரண்டு வருஷத்தைப் படித்துப் படித்துக் காட்டினேன். அச்சில் இருப்பது பொய்யா என்றேன். இரண்டு மாதத்தில் அம்மாவும் தென்னங்கன்றுகளை ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்தாள். பெரியம்மா கொடுத்தனுப்பிய குழம்பைத் திறந்து பார்க்காமலே ஓரமாக வைத்தாள்.

வழிகாட்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் நோட்டீஸ் எழுதுவதற்கு ஒரு மாதிரி இருந்தது. எழுத்தில் தடை சொல்லிவிட்டால் பன்னிரண்டு வருஷக் கணக்கு அறுந்துவிடும் என்று, அதைப் பார்த்து அம்மா பெயரில் நானே எழுதினேன். "இதனால் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கி, மேற்படி நிலத்தில் ஒன்பது மா என் கணவருக்குச் சொந்தமானது என்றும், அதில் தங்களுக்கு யாதொரு உரிமையும் இல்லை என்றும், தாங்கள் அதைத் தங்களுடையதாகக் கருதி அனுபவிப்பதை ஆட்சேபிக்கிறோம் என்றும் எழுதினேன். அம்மா கையெழுத்துப் போடும்போது, "இதக் கையிலயே குடுத்துடலாமே?" என்றாள். "கையில குடுத்தா குடுக்கலன்னு சொல்லிடுவாங்கம்மா" என்றேன். பெரிய மேதாவி! ஊர்த் தபாலாபீசில் போட்டால் விஷயம் பரவிவிடும் என்று ஒரத்தநாடு வரை போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். பெரியப்பா வீடு எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

மூன்றாம் நாள் தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க பெரியப்பாவுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்திருக்கும்மா. அனுப்புனது உங்கம்மான்னு போட்டிருக்கு. ஒரத்தநாட்டுலேர்ந்து வருது. நாலு வீடுதானே, நடந்து போயிக் குடுத்திருக்கலாமே?"

"நீங்க கொண்டு போயிக் குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போட்டார். நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்து நான் தலையை இழுத்துக்கொண்டேன். அவர் திரும்பவில்லை, உள்ளே போய்விட்டார்.

சண்டைக்கு வருவார், அதற்கு என்ன பதில் சொல்வது என்று நான் எழுதிவைத்துத் தயாராக இருந்தேன். அவர் வரவில்லை. அந்த அறுவடை நெல் வழக்கம்போல வந்து இறங்கியது. கூட ஆள் மட்டும் வந்தான். "இனிமே உங்க பங்க நீங்களே பாத்துக்கச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வெள்ளிக்கிழமை, நோட்டீஸ் விஷயம் தெரிந்து அப்பா போன் பண்ணினார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

"யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தா?"

"சட்டம் அப்படித்தான்ப்பா இருக்கு. பன்னெண்டு வருஷம் ஆனா..."

"நான் பாத்துக்கச் சொன்னேன், பாத்துக்கிட்டாரு. தென்னங்கன்னும் நான்தான் வெக்கச் சொன்னேன். நான் வந்ததும் ஆளுக்குப் பாதியாப் பட்டா பிரிச்சுடணும்னு அவருதான் அந்த ஆபீசுக்கு நடையா நடக்குறாரு, தெரியுமா உனக்கு?"

"இதெல்லாம் பேப்பர்ல இருக்காப்பா?"

"அம்மாகிட்ட குடு" என்றார். வெட்கக்கேடு, சொல்லத்தான் வேண்டும்: அன்றைக்கு எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. நல்ல கேள்வி கேட்டுவிட்டேன், நான் வக்கீல் ஆகப் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை தேர்வுக்கு அம்மாதான் கூட வந்தாள். அதே பள்ளிக்கூடம். அதே வேப்பமரத்தடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழி தெரியாமல் இரண்டு பஸ் மாறி ஏறி, பதறிப்போய் வந்து சேர்ந்திருந்தோம்.

சட்டப் பகுதியில் ஏழாவதோ எட்டாவதோ கேள்வி. அண்ணன், தம்பி. தம்பி வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். தம்பியின் நிலத்தை அண்ணன் பதினான்கு வருஷம் வெளிப்படையாக, யார் தடையும் இல்லாமல் ஆண்டு அனுபவிக்கிறான். மேலே அதே விதி. என் கை நின்றுவிட்டது. கேள்வியைத் தயாரித்தவர் எங்கள் ஊர்க்காரரோ, பெரியப்பாவுக்கு வேண்டியவரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்புறம் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. பரீட்சை முடியற வரைக்கும் அதுதான் உலகம். நிலம் அண்ணனுக்கே என்ற வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கினேன். அப்பாவின் ஒன்பது மாவை நானே எழுதிக்கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த ஒரு கேள்வியிலும் நான் தடுமாறவில்லை. சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டே போனேன்.

இடம் கிடைத்தது. தஞ்சாவூர் பிரவுசிங் சென்டரில் என் எண்ணைப் பார்த்ததும் அம்மா அங்கேயே அழுதாள். வீட்டுக்கு வந்து தெருவில் மிட்டாய் கொடுத்தோம். மூன்றாம் வீட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம் சொத்துச் சட்டம். அந்தப் பன்னிரண்டு வருஷ விதி வந்த அன்று நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாததா? ஆசிரியை விதியை விளக்கிவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் சொன்னார்: "பாகம் பிரிக்காத குடும்பச் சொத்துக்கு இது அப்படியே பொருந்தாது. ஒரு பங்காளி உழுதால் அது எல்லாப் பங்காளிக்காகவும் உழுததாகத்தான் அர்த்தம். எத்தனை வருஷம் உழுதாலும்."

நான் கையைத் தூக்கினேன். "அப்படின்னா வருஷக் கணக்கு எப்பதான் ஆரம்பிக்கும் மேடம்?"

"இது என்னுடையது, உனக்கு இதில் உரிமை இல்லை என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதுவரை கணக்கே கிடையாது."

எல்லாரும் குறித்துக்கொண்டார்கள். நான் பேனாவை மூடினேன். பதினெட்டு மாவின் இத்தனை வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்னது யார்? பெரியப்பா சொல்லவில்லை. நான்தான் எழுதினேன், ஒப்புகை அட்டையோடு.

அந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் பையை வைத்துவிட்டு வயலுக்குத்தான் போனேன். சம்பா நட்டு ஒரு மாதம் இருக்கும். பெரியப்பாவின் ஒன்பது மா பச்சைப் பசேலென்று இருந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்கள் ஒன்பது மா, கோரை மண்டித் தரிசாகக் கிடந்தது. குத்தகைக்கு அம்மா யார் யாரையோ கேட்டுப் பார்த்திருந்தாள். அண்ணன் தம்பி தகராறில் இருக்கிற நிலம் என்று ஒருவரும் வரவில்லை. வரப்பில் இருந்த தென்னங்கன்றுகள் மட்டும் காயாமல் நின்றன. அவற்றின் பாத்தியில் ஈரம் இருந்தது.

பெரியப்பா மடையில் நின்று மண்வெட்டியால் சேற்றை இழுத்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தவில்லை. நான் வரப்பிலேயே நின்று, எது முதலில் எது பின்னால் என்று இல்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பங்காளி, பொருந்தாது, கணக்கே கிடையாது, நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன் என்றேன். அழுகை வந்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா" என்றார். மண்வெட்டியை ஊன்றி நின்றார். பிறகு கேட்டார்.

"ரெண்டாவது தடவையும் அந்தக் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு பெரியப்பா."

"என்ன எழுதுன?"

"நிலம் அண்ணனுக்குன்னு எழுதினேன்."

"மார்க்கு போட்டாங்களா?"

"போட்டாங்க."

அவர் குனிந்து மடையின் வாயில் அடைத்திருந்த புல்லைக் கையால் அள்ளி வெளியே போட்டார்.

"மொத தடவ எழுதுனதுதான் சரி" என்றார்.